வாசகர் எவரேனும் இருப்பின் ஆஜராகவும்

ஜூன் 3, செவ்வாய்

இருபத்தாறு வருடமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சம்மன் அச்சடிக்கிற எனக்கு இன்று சம்மன் வந்தது. கோர்ட் அமீனா நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்து வாங்கும்போது, "என்ன அண்ணாச்சி, ஒங்க பேப்பர்லயே போட்டிருந்தா நான் இந்த வெயில்ல அலைஞ்சிருக்க வேண்டாம்லா" என்றார். போட்டிருக்கலாமே என்றேன். "போட்டா ஒங்களுக்குத் தெரியவா போவுது" என்று சொல்லிச் சிரிக்கிறார். ஒரு டம்ளர் மோர் கொடுக்கலாம் என்றிருந்தேன். கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். ரயில்வே கேட் பக்கம் எண்ணெய் மில் வைத்திருக்கும் சொரிமுத்து மில்லை அடமானம் வைத்திருந்தார். மீட்கவில்லை. அடமானம் வாங்கியவர் மில்லை எடுத்துக்கொள்ள வழக்குப் போட்டார். சம்மன் இரண்டு தடவை 'ஆள் இல்லை' என்று திரும்பியது. அப்படியானால் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிடுங்கள் என்றது கோர்ட். வெளியிட்டோம். பத்திரிகையில் வந்துவிட்டால் அவர் படித்துவிட்டதாகத்தான் சட்டம். அவர் வரவில்லை. வழக்கு ஒருதலையாக முடிந்து மில் கைமாறப் போகிறது. இப்போது சொரிமுத்து, 'நான் அந்தப் பத்திரிகையைப் பார்த்ததே இல்லை' என்று மனு போட்டிருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன? 'நான் மட்டுமல்ல, யாருமே பார்த்ததில்லை, அந்தப் பத்திரிகைக்கு வாசகரே கிடையாது' என்று நாலாவது பாராவில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பத்திரிகை 'ஆலடி மாலை'. ஆலடிப்பேட்டையிலிருந்து ஞாயிறு தவிர தினமும் மாலை வருகிறது. நாலு பக்கம். உரிமையாளர், ஆசிரியர், வெளியிடுபவர் எல்லாம் அடியேன் ஆறுமுகநயினார்தான். முதல் பக்கத்தில் ஊர்ச் செய்தி கொஞ்சம் இருக்கும். மற்ற மூன்று பக்கமும் அறிவிப்பு: அடமான ஏலம், தொலைந்த பத்திரம், பெயர் மாற்றம், விவாகரத்து சம்மன், இன்னாருக்கும் எனக்கும் ஒட்டும் உறவும் இல்லை என்பது. கோர்ட்டின் பட்டியலில் எங்கள் பெயர் இருப்பதால் இவை வருகின்றன. பட்டியலிலிருந்து பெயர் போனால் மறுநாள் பத்திரிகை கிடையாது.

வாசகர் இல்லையாம். எள்ளையும் புண்ணாக்கையும் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்த்திராத மனுஷன், பத்திரிகையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

ஜூன் 4

மூன்றாம் பக்கத்தில் எட்டு சென்டிமீட்டர் காலி. வழக்கம்போல 'ஆலடி மாலையில் விளம்பரம் செய்வீர், பயன் பெறுவீர்' போட்டு அடைத்தேன். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் ரோஸ்லின், "அண்ணாச்சி, 'எட்டு செமீ'ன்னு ஒரு ஃபைல் ரொம்பப் பழசா கெடக்கு. நான் தொறந்து பாக்கல. அதப் போட்டுரவா, இல்ல அழிச்சிரவா?" என்றாள். இரண்டும் வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். அவள் வந்தே பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. எல்லாமே அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று என்ன இருக்கிறது?

ஜூன் 9, திங்கள்

கோர்ட். புது ஜட்ஜ் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். சிரிப்பதில்லை. ஒரு காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாசித்த பிறகுதான் அடுத்ததை எடுக்கிறார். இப்படி ஒருத்தர் எங்கள் சந்தாதாரராக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கூண்டில் ஏறினேன்.

சொரிமுத்துவின் வக்கீல் தவசிக்கண்ணு கேட்ட கேள்விகளும் என் பதில்களும்:

தினம் எத்தனை பிரதி? நூற்று நாற்பது.

யார் யாருக்குப் போகிறது? கோர்ட், வக்கீல் ஆபீஸ்கள், தாலுகா ஆபீஸ், வங்கிகள், நூலகம்.

அவர்கள் படிக்கிறார்களா? வாங்குகிறார்கள்.

படிக்கிறார்களா? கத்தரித்து ஃபைலில் வைக்கிறார்கள்.

"கத்தரிக்கிறது படிக்கிறதுல சேருமா?" என்றார். கத்தரிப்பதற்காவது பார்க்க வேண்டுமே என்றேன். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வாசகர் பேரைச் சொல்லுங்க" என்றார். சந்தாப் பட்டியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி.

அவரே ஒரு வழி சொன்னார். அவகாசம் தருவார், ஒரு வாசகரைக் கொண்டுவர வேண்டும். "உங்க ஊழியர் கூடாது. சொந்தக்காரங்க கூடாது. உங்ககிட்ட அறிவிப்பு கொடுத்தவங்களும் கூடாது. உங்களோட எந்த சம்பந்தமும் இல்லாத மூணாம் மனுஷரா இருக்கணும். வந்தா பத்திரிகை பட்டியல்ல இருக்கும். இல்லைன்னா எடுத்துருவோம்."

அடமானக்காரரின் வக்கீல் பிச்சாண்டி வெளியே வந்து என் தோளைத் தட்டி, "ஒரு ஆளு அண்ணாச்சி. ஒரே ஒரு ஆளு. ஊர்ல அறுபதாயிரம் பேரு இருக்கான்" என்றார். நீங்கள் படிப்பதுண்டா என்று கேட்டேன். "நமக்கு எங்க நேரம் இருக்கு" என்றார்.

ஜூன் 10

சந்தாப் பட்டியலை ரோஸ்லின் ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் அடித்துக்கொண்டே வந்தேன். வக்கீல்கள், அடி. வங்கிகள், அடி. பத்திரப்பதிவு ஆபீஸ் வாசல் எழுத்தர்கள், அடி. ஒரு பஞ்சாயத்துத் தலைவர் இருந்தார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்று ரோஸ்லின் சொன்னாள். தினமும் போய்க்கொண்டிருக்கிறது.

"முப்பத்தொண்ணாம் நம்பர். ராஜபாளையம், ஒரு மருந்துக் கட. தபால்ல போவுது. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு ஜூலைல இருந்து" என்றாள். அது வெளியூர், ஊர்க்கணக்கில் வராது, அடி என்றேன். "அடமான ஏலத்த மருந்துக் கடக்காரவிய எதுக்கு அண்ணாச்சி படிக்காவ?" என்றாள். எதுக்கோ படிக்கிறார்கள், அடி என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. பட்டியலை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

முப்பத்தொன்றின் முகவரிச் சீட்டை நான்தான் தினமும் எழுதுகிறேன். தபால்தலை கோணலாக ஒட்டினால் எனக்குப் பிடிக்காது. எல்லாச் சீட்டுக்கும் அப்படித்தான்.

ஜூன் 12

நூலகத்துக்குப் போனேன். கண்ணால் கண்டேன்: ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் 'ஆலடி மாலை'யை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் மெதுவாக, ஐயா, தினமும் படிக்கிறீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். பேப்பர் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுந்ததும் கோபித்துக்கொண்டார். "மத்த பேப்பர எடுத்தா பத்து பேரு வந்து 'முடிச்சாச்சா முடிச்சாச்சா'ன்னு நிப்பான். இத எடுத்தா ஒரு பய கேக்க மாட்டான். மூணு வருசமா நிம்மதியா கண்ண மூடுதேன். அதையும் கெடுக்க வந்துட்டீரே" என்றார். கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். என்னத்தைச் சொல்ல, தூங்கினேன் என்றா, என்று கேட்டார். நியாயம்தான்.

ஜூன் 14

கோமதி முட்டி வலிக்கு மருந்து வாங்க ராஜபாளையம் போய்விட்டு வந்தாள். ஒன்றரை மணி நேரப் பஸ். அதே தைலம் நம் தெருமுனையில் கிடைக்கிறது. மாதம் ஒரு தடவை போகிறாள். முட்டி வலிக்காரி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் முட்டிக்கு மருந்து வாங்குகிறாள். பெண்டாட்டியிடம் இதையெல்லாம் கேட்டால் சண்டைதான் வரும். கேட்பதில்லை.

ஜூன் 16, திங்கள்

செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆபீஸில் நிற்க இடமில்லை. பேப்பர் நிலைக்காவிட்டால் அதில் வந்த அறிவிப்பும் நிலைக்காதோ என்று எல்லோருக்கும் பயம்.

முதலில் வந்தவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். "அண்ணாச்சி, மொதப் பொண்டாட்டிக்கு ஒங்க பேப்பர்லதான் சம்மன் போட்டேன். அவ வரல, தீர்ப்பு ஆச்சு. அத நம்பி ரெண்டாவது கட்டி ரெண்டு பிள்ளையும் ஆச்சு. இப்பம் ஒங்க பேப்பர யாருமே படிக்கலன்னு ஆனா எனக்கு ஒரே நேரத்துல ரெண்டு பொண்டாட்டியா?" என்று என் மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அடுத்தவர், பால்வண்ணன் என்ற பெயரை ரிஷிகேஷ் என்று மாற்றிக்கொண்டவர். நான் இப்போது யார் என்று கேட்டார். ஒரு அம்மா, தொலைந்துபோன வீட்டுப் பத்திரத்துக்கு எங்களிடம் அறிவிப்புப் போட்டு நகல் வாங்கியவர். அசல் போன வாரம் அரிசிப் பானையில் கிடைத்துவிட்டதாம். இரண்டில் எதை வைத்துக்கொள்ள என்று கேட்டார்.

எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். விடாதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். இத்தனை பேரில் யாராவது பேப்பரைப் படிப்பீர்களா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்வாரியக்காரர், "நம்மது வந்த அன்னைக்குப் படிச்சேன்லா" என்றார்.

ஜூன் 17

எழுத ஒன்றுமில்லை. இந்தத் தேதியில் கோமதி எந்த வருடமும் என்னோடு பேசுவதில்லை. சாம்பாரில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

தவசிக்கண்ணு கேட்டுக்கொண்டபடி கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்திருந்தது. சின்ன வயது வக்கீல், டேப், நோட்டு எல்லாம் வைத்துக்கொண்டு நம் விநியோகக்காரர் சைக்கிள் பின்னாலேயே மூன்று நாள் ஸ்கூட்டரில் போனார். அறிக்கை இன்று கோர்ட்டில் வாசிக்கப்பட்டது. வரைபடமும் இணைத்திருக்கிறார். அதில் வட திசை எது என்று அம்புக்குறி வேறு.

அறிக்கையிலிருந்து: 'பிரதி எண் 58, மாலை 4.20க்கு மேற்படி வக்கீல் அலுவலக வாசலில் விழுந்தது. 5.05க்கு எழுத்தர் எடுத்தார். 5.06க்கு கத்தரித்தார். மீதியை விரித்து அதன்மேல் முறுக்கு வைத்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போது அவர் பார்வை பிரதியின் மேல் இருந்தது. ஆனால் முறுக்கின் மேலா, எழுத்தின் மேலா என்பதை நிர்ணயிக்க இயலவில்லை.'

பிச்சாண்டி எழுந்து, சந்தேகத்தின் பலனைப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். ஜட்ஜ் அம்மா பேனாவை மூடிவைத்தார். நாளை மறுநாள் உத்தரவு என்றார்.

ஜூன் 25

உத்தரவு வந்தது. ஒரு விஷயம் ஊருக்குத் தெரிய வேண்டுமானால் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்பது விதி. ஆகவே வாசகர்களைத் தேடும் அறிவிப்பையும் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். ஊரில் இருக்கும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுதான். நாங்கள்தான்.

நானே உட்கார்ந்து அடித்தேன்:

'ஆலடிப்பேட்டை சார்பு நீதிமன்றம். இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், ஆலடி மாலை நாளிதழை வாசிப்பவர் எவரேனும் இருப்பின் அன்னார் வருகிற 14.7.2025 அன்று காலை 10.30 மணிக்கு இந்நீதிமன்றத்தில் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால், மேற்படி நாளிதழுக்கு வாசகர் எவரும் இல்லை என ஒருதலையாகத் தீர்மானிக்கப்படும்.'

ரோஸ்லின் இரண்டு தடவை வாசித்தாள். "அண்ணாச்சி, இதப் படிச்சவிய வரணும். வரலன்னா யாரும் படிக்கலன்னு அர்த்தம். படிச்சும் வரலன்னா?" என்றாள். அதுவும் படிக்கவில்லை என்றுதான் ஆகும் என்றேன். "சொரிமுத்துவுக்கும் இதத்தான செஞ்சோம். அவரு வரல, ஆனா படிச்சாருன்னு வச்சோம்" என்றாள். சில சமயம் இவள் ரொம்பப் பேசுகிறாள்.

ஜூன் 26

வெளிவந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர், இரண்டாம் பக்கம், மேலே. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு அழைப்பு. பிச்சாண்டியின் எழுத்தர்: கத்தரித்து ஃபைலில் வைக்க இரண்டு பிரதி கூடுதலாக வேண்டுமாம். அறிவிப்பு எதைப் பற்றி என்று தெரியுமா என்றேன். "ஏதோ ஏலம்" என்றார்.

முப்பத்தொன்றை நானே தபாலாபீஸில் கொண்டுபோய்ப் போட்டேன். நடந்தால் உடம்புக்கு நல்லது.

ஜூலை 3, வியாழன்

ஒரு வாரமாக ஒருவரும் வரவில்லை. பழைய தொகுப்புகளை இறக்கித் தூசி தட்டினேன். என்றைக்காவது யாராவது படித்ததற்கு ஆதாரம் கிடைக்குமா என்று பார்க்கத்தான். ஒரு கடிதம், ஒரு மறுப்பு, ஒரு திட்டு, ஏதாவது. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு அறிவிப்புக்குத்தான் அன்றைக்கே பலன் இருந்திருக்கிறது. 17.6.2011, மூன்றாம் பக்கம், கீழே இடது ஓரம், எட்டு சென்டிமீட்டர். மாலை ஐந்தரைக்குப் பேப்பர் வந்தது. ஆறு மணிக்குப் படிக்கப்பட்டது. ஏழு மணி பஸ்ஸில் ஆள் ஊரை விட்டே போயாகிவிட்டது.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்?

உலகம்மாள் எனக்கு ஒரே பிள்ளை. பி.ஃபார்ம் முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை என்று ஆபீஸில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை மைதான் பிடிக்கும் அவளுக்கு. நான் காற்புள்ளி விட்டால்கூட மார்ஜினில் பச்சையாக ஒரு கொக்கி விழும். அன்றைக்கு ஏதோ பேச்சில், "யாருமே படிக்காத பேப்பருக்கு நான் எதுக்குப்பா கண்ணப் போட்டு அழிக்கணும்? ராஜபாளையத்துல வேலைக்குக் கூப்பிடுதாவ, போறேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஏல அறிவிப்பு ரத்தாகி மூன்றாம் பக்கத்தில் எட்டு சென்டிமீட்டர் ஓட்டை. அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். 'யாருமே படிக்கலல்லா, அப்பம் இதப் போட்டா என்ன' என்று நானே உட்கார்ந்து அடித்தேன்: என் மகள் உலகம்மாளுக்கும் எனக்கும் இன்று முதல் எவ்வித ஒட்டும் உறவும் இல்லை.

சத்தியமாக, அவள் புரூஃபில் பார்த்து அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பச்சைக் கோடு போட்டு, 'அப்பா, என்னது இது' என்று வந்து நிற்பாள், கொஞ்சம் சண்டை போடுவோம், சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் புரூஃப் பார்க்காமலே கோபத்தில் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பக்கம் அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.

மறுநாளே ரத்து அறிவிப்பு அடித்துவைத்தேன். அதே எட்டு சென்டிமீட்டர். அவள் வந்து கேட்கட்டும், போடுவோம் என்று இருந்தேன். நான் முதலில் இறங்கிப் போவதா? பிறகு இடம் இல்லை. இடம் இருந்த நாளில் மனம் இல்லை. பதினான்கு வருடம் ஆகிவிட்டது.

ஜூலை 9

கோமதி இட்லி வைக்கும்போது, "திங்கக்கிழம கோர்ட்டுக்கு அந்த மஞ்சச் சட்டயப் போடாதீங்க. வெள்ளையத் தேச்சு வச்சிருக்கேன்" என்றாள். ஒருவரும் வரப்போவதில்லை, எந்தச் சட்டை போட்டால் என்ன என்றேன். "வருவாவ" என்றாள். யார் என்று கேட்டேன். "வாசகர்தான் வேற யாரு. சட்னி போதுமா?" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

கோர்ட் நிரம்பி வழிந்தது. மின்வாரியக்காரர் இரண்டாவது மனைவியோடு வந்திருந்தார். ரிஷிகேஷோ பால்வண்ணனோ, அவரும் இருந்தார். யாரும் சாட்சி சொல்ல வரவில்லை, வேடிக்கை பார்க்க. சொரிமுத்துவும் ஓரமாக நின்றார். இதுவரை அவரை நான் நேரில் சரியாகப் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர். சட்டையெல்லாம் எள் வாசம். மில் போனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாத முகம். எனக்கு அந்த முகம் பழக்கப்பட்டதுதான். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பத்தரை மணிக்கு டவாலி வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். "ஆலடி மாலை வாசகர்..." ஒருவரும் அசையவில்லை. "ஆலடி மாலை வாசகர்..." வராண்டாவில் யாரோ இருமினார்கள். மூன்றாவது தடவை கூப்பிடுகிறபோது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "வாசகர் யாராவது இருக்கீயளா?" என்று கேட்டார்.

"இருக்கேன்" என்று குரல் வந்தது.

எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கதவோரத்தில் கோமதி நின்றாள். அவளைத் தாண்டி, கண்ணாடி போட்டு, தோளில் பையோடு உலகம்மாள் உள்ளே வந்தாள். காதோரம் இரண்டு மூன்று நரை. நான் பார்க்காமலே வந்த நரை.

கூண்டில் ஏறிப் பெயர், ஊர், தொழில் சொன்னாள். சொந்தமாக மருந்துக் கடை. ஆலடி மாலையைப் பதினான்கு வருடமாக ஒரு நாள் விடாமல் படிக்கிறேன் என்றாள். தவசிக்கண்ணு நம்பவில்லை. "போன வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது?" என்றார்.

"கீழ எட்டு சென்டிமீட்டர் காலி. 'விளம்பரம் செய்வீர்' போட்டிருந்தாவ. இந்த வருசத்துல அது நாப்பத்தோராவது தடவ" என்றாள். "இவரு மில் சம்மனும் படிச்சேன். மொத நாள் சர்வே நம்பர் தப்பா வந்துச்சு. மறுநாள் திருத்தம் போட்டாவ. திருத்தத்துலயும் ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

ஜட்ஜ் அம்மா தொகுப்பை வாங்கிப் புரட்டினார். பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. "எதுக்காக இதைப் படிக்கிறீங்க?"

"ஒரு அறிவிப்பு வருமான்னு பாக்கத்தாம்மா."

"வந்துச்சா?"

"இன்னும் வரல."

நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவசிக்கண்ணுவின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். துள்ளி எழுந்தார். "இவங்க பத்திரிகை ஆசிரியரோட சொந்த மகள். சொந்தக்காரங்க சாட்சி செல்லாது" என்றார். உலகம்மாள் அவரைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு துண்டை எடுத்து ஜட்ஜ் அம்மாவிடம் நீட்டினாள். மஞ்சளாகப் போன எட்டு சென்டிமீட்டர்.

"நான் மக இல்லம்மா. ஒட்டும் உறவும் இல்லன்னு அவியளே பேப்பர்ல போட்டிருக்காவ" என்றாள்.

பிச்சாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்திரிகையில் வந்தது ஊருக்கே தெரிந்ததாகத்தான் சட்டம், ஆகவே இவர் மூன்றாம் மனிதர், இவரைவிடச் சம்பந்தமில்லாத சாட்சி இந்த ஜில்லாவில் கிடைக்காது என்று முழங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பேப்பரைக் காப்பாற்ற, நான் எழுதியதையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஜட்ஜ் அம்மா துண்டைக் கடைசிப் புள்ளி வரை வாசித்தார். பிறகு என்னைக் கூண்டுக்கு அழைத்தார். "இது நீங்க வெளியிட்டதா?"

ஆமாம் என்றேன்.

"அப்படின்னா நேரடியாச் சொல்லுங்க. இவங்க உங்க மகளா, இல்லையா?"

பிச்சாண்டி கீழே நின்று இல்லை, இல்லை என்று தலையை ஆட்டுகிறார். மின்வாரியக்காரர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. ரோஸ்லின் வாயில் முந்தானையை வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால் ஆலடி மாலை இன்னும் இருபத்தாறு வருடம் ஓடும். உலகம்மாளும் கண்ணாலேயே சொல்லுப்பா, சொல்லு என்கிறாள். அந்த வார்த்தையைப் பதினான்கு வருடத்துக்கு முன்னால் எத்தனை சுலபமாக அடித்தேன், விரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"என் மகதாம்மா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. விளைவு தெரியுமில்லையா?"

"தெரியும்மா. என் மகதான். எனக்கு இருக்கிறதே அவ ஒருத்திதான். பேப்பர்ல வந்தது தப்பு. புரூஃப் பாக்காம போயிட்டு."

அழுதேன். கோர்ட்டில் அழுகிறவர்களைப் பற்றி எத்தனையோ செய்தி போட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் 'கதறி' என்று போட்டிருக்கிறேன். இனி அப்படிப் போட மாட்டேன். சத்தமே வராது.

உத்தரவு அப்போதே வந்தது. சாட்சி சொந்தக்காரர், ஏற்பதற்கில்லை. வேறு வாசகர் ஆஜராகவில்லை. சொரிமுத்துவின் வழக்கு திரும்ப விசாரிக்கப்படும். பத்திரிகை பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. பழைய தீர்ப்புகளை யாரும் தொடப்போவதில்லை. இதைக் கேட்டதும் மின்வாரியக்காரர் இரண்டாவது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

வராண்டாவில் உலகம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாப்பா. பேப்பர் பொழச்சிருக்கும். கடயப் பூட்டிட்டு அதுக்காகத்தான் வந்தேன்" என்று சத்தம் போட்டாள். "நீதான் யாருமே படிக்கலன்னு அப்பமே சொன்ன. கோர்ட்டுக்கு இப்பம்தான் தெரிஞ்சிருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோமதி இரண்டு பேரையும் பார்த்து, வெயிலில் நிற்காதீர்கள் என்று திட்டினாள். அவள் பஸ் ஸ்டாண்டு வரை விறுவிறுவென்று நடந்தாள். முட்டிக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கடைசி இதழ். சொரிமுத்து காலையிலேயே ஒரு பாட்டில் நல்லெண்ணெயோடு வந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ரோஸ்லினுக்கு அவளுடைய தம்பி நடத்தும் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் வேலை தயாராக இருக்கிறது. "அத எல்லாரும் படிப்பாவ அண்ணாச்சி, சாப்பாடு எத்தன மணிக்குன்னு பாக்கவாவது" என்றாள்.

மூன்றாம் பக்கத்தில் இடம் விடச் சொல்லி, 'எட்டு செமீ' ஃபைலைத் திறந்தேன். "இது எதுக்கு? பேப்பருக்கு வாசகர் இல்லன்னு ஆயிட்டுல்லா, அப்பம் பழசும் யாருக்கும் தெரியாததுதான். ரத்து பண்ண என்ன இருக்கு?" என்றாள் ரோஸ்லின். சட்டப்படி அவள் சொல்வது சரியாக இருக்கலாம். படித்த ஒருத்தி இருக்கிறாளே என்றேன்.

'17.6.2011 அன்று இந்நாளிதழில் வெளியான அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. உலகம்மாள் என் மகள். அன்றும் என் மகள்தான். வெளியிட்டது என் தவறு.' இப்படி மாற்றி எழுதினேன். கடைசியில் கை பழக்கத்தில் வழக்கமான வரியும் வந்து விழுந்துவிட்டது: 'இதில் எவருக்கேனும் ஆட்சேபணை இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' பதினொன்றரை சென்டிமீட்டர் வந்தது. 'விளம்பரம் செய்வீர்' எடுத்துவிட்டேன்.

புரூஃப் எடுத்து உலகம்மாளிடம் கொடுத்தேன். பழைய நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இருக்கட்டும், புரூஃப் பார்க்காமல் பக்கம் போகாது என்று சொல்லிவிட்டேன்.

அரை மணி கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு காற்புள்ளி சேர்த்திருந்தாள். கடைசி வரியை அடிக்கவில்லை. அதற்கு நேரே மார்ஜினில், பச்சை மையில், எழுதியிருந்தாள்: 'ஆட்சேபணை இல்லை. உ.'

பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.